ஆறாவது திரும்பும் முனை

என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் "டீச்சர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். குற்றவியல் என்று சொன்னால் அடுத்த கேள்வி நிச்சயம். ஒருமுறை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், வீட்டில் தோடு காணாமல் போன கதையையும் அதை நாத்தனார்தான் எடுத்திருப்பாள் என்ற தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிட்டு, "நீங்க படிச்சவங்க, மூஞ்சப் பாத்தே சொல்லிட மாட்டீங்க?" என்று கேட்டாள். முப்பது வருடம் படித்ததில் அது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. இறங்கும்வரை என்னைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எனக்கும் இந்தப் படிப்பு விரும்பி வந்ததல்ல. கேட்ட பாடத்தில் இடம் இல்லை, இதில் இருந்தது, அவ்வளவுதான். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற வீட்டில் ஒரு பெண் பட்டம் வாங்குவதே பெரிய சேதி என்பதால் என்ன பட்டம் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா மட்டும், "குத்தம் பண்றதுக்கா சொல்லித் தராங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கு ஐம்பத்தாறு ஆகிவிட்டது. அவள் இன்னும் அதையே கேட்டுச் சிரிக்கிறாள்.

திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தபோது எங்களுடையது வெறும் குற்றவியல் துறை. மாணவர்களைவிட நாற்காலிகள் ஜாஸ்தி. பிறகு நிர்வாகம் "பாதுகாப்பு இடர் மேலாண்மை" என்பதையும் துறையின் பெயருக்குப் பின்னால் சேர்த்தது. சேர்த்த வருடமே வகுப்பு நிறைந்தது. இன்று எங்கள் பிள்ளைகள் தொழிற்சாலை வாசலிலும் மால் வாசலிலும் பாதுகாப்பு மேற்பார்வையாளராக நிற்கிறார்கள். இடர் என்றால் அவர்களுக்குப் புரியாது, ரிஸ்க் என்றால் புரியும். ஒரு ஆபத்து நிகழ வாய்ப்பு எவ்வளவு, நிகழ்ந்தால் பாதிப்பு எவ்வளவு, இரண்டுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போட்டுப் பெருக்கு, வருகிற விடைக்கு ஏற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு அடி. இதைத்தான் வருடா வருடம் நடத்துகிறேன். நடுவில் தரச்சான்றுக் குழு வரும். அதற்குக் கோப்புகள் தயாரிக்க வேண்டும். மூன்றாம் மாடி ஏறி இறங்கி என் முழங்கால்கள் என்னோடு சண்டை போட ஆரம்பித்துப் பல காலமாகிறது.

இவ்வளவு வருடத்தில் என் பெயர் சொல்லும்படி நான் செய்தது ஒன்றே ஒன்று. பௌர்ணமிக் கூட்டத்துக்கான திட்டம்.

பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எங்காவது ஏதாவது நடந்தால், பின்னால் வந்துகொண்டிருக்கும் ஜனத்தை என்ன செய்வது? நான் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு "திரும்பும் முனை". ஒலிபெருக்கியில் அறிவித்ததும் கூட்டம் அந்த முனையில் திரும்பி, வந்த வழியே நடந்து, பக்கத்துச் சாலை வழியாக ஊருக்குள் போய்விட வேண்டும். முன்வரிசையில் பத்துப் பேர் திரும்பினால் மற்றவர்கள் தானாகத் திரும்புவார்கள் என்று விளையாட்டரங்கக் கூட்டங்களைப் பற்றிப் படித்ததை வைத்து எழுதினேன். வரைபடமும் அம்புக்குறிகளும் பார்க்க அழகாக இருந்தன. கட்டுரை அச்சானது. எனக்குப் பேராசிரியர் பதவி வந்தது. பந்தோபஸ்து பார்க்கும் காவல்துறை அலுவலகம் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. பௌர்ணமிதோறும் ஒவ்வொரு முனையிலும் அதன் நகல் ஒன்று பிளாஸ்டிக் உறையில் தொங்கும். கல்லூரியின் பெயர் பெரிதாக, என் பெயர் சிறிதாக.

அந்தத் திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. இந்த ஊரில் பிறந்த யார் படித்திருந்தாலும் முதல் பக்கத்திலேயே பிடித்திருப்பார்கள். மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடப்பதுதான் கிரிவலம். பாதியில் திரும்பினால் மலை இடது பக்கம் வந்துவிடும். இடமாகச் சுற்றுவது எங்கள் பக்கத்தில் சாவுக்கு மட்டும்தான். உயிர் போகிற அவசரமென்றாலும் மலை சுற்ற வந்தவர் திரும்பி நடக்க மாட்டார். இது எனக்குத் தெரியாததா? ஐந்து வயதிலிருந்து சுற்றியவள் நான். ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது நான் கீழ்பென்னாத்தூர்க்காரியாக உட்காரவில்லை. படித்தவளாக உட்கார்ந்தேன். ஏட்டுச் சுரைக்காய் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஓட்டையைக் கண்டுபிடித்தவள் என் ஆய்வு மாணவி. காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர், நாற்பது வயது, பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு என்னிடம் பதிந்து ஆறு வருடம். சீருடையோடு நேராக டூட்டியிலிருந்து வருவாள். கால் நரம்பு சுருட்டிக்கொண்டு வீங்கியிருப்பதால் ஷூவைக் கழற்றட்டுமா என்று ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுத்தான் உட்காருவாள். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். பட்டம் வாங்கிவிட்டால் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தும் வேலைக்கு மாறிவிடலாம், ரோட்டில் நிற்க வேண்டாம். அதற்கு முனைவர் பட்டம் வேண்டும், பணிப்பதிவேட்டில் ஒரு கரும்புள்ளியும் இருக்கக் கூடாது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசிக் கால நீட்டிப்பும் வரப்போகிற தை மாதத்தோடு முடிகிறது.

பௌர்ணமிதோறும் அவளுக்கு அடி அண்ணாமலைப் பக்கம் ஆறாவது முனையில்தான் பந்தோபஸ்து. நின்ற நேரத்தை வீணாக்காமல் நடப்பவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். முன்னால் வழியில்லை, திரும்பிப் போங்கள் என்றால் போவீர்களா?

"அது எப்பிடிங்க பாதில உட்டுட்டுத் திரும்பறது? மல எடது கைப்பக்கம் வந்துடுமே."

"அப்பிடியே உக்காந்துக்கறோம். நீங்க வழி உட்டதும் போறோம்."

பக்கம் பக்கமாக இதேதான். கூட்டம் திரும்பாது, நடு ரோட்டில் உட்கார்ந்துவிடும், பின்னால் வருகிறவர்கள் உட்கார்ந்தவர்கள் மேல் வந்து நெருக்குவார்கள், ஆபத்து அங்கேதான் என்று ஐந்தாம் இயலில் எழுதியிருந்தாள். திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, மலைக்கு எதிர்ப்பக்கம் அங்கங்கே உட்காருவதற்கு இடம் பார்த்துத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது அவள் முடிவு. எளிய முடிவு. சரியான முடிவு.

நான் ஓரத்தில் சிவப்பு மையால் "சான்று போதாது, நீக்கவும்" என்று எழுதினேன்.

அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் பேர்கிட்ட கேட்டுட்டு வரட்டுமாங்க மேடம்?" என்றாள். வேண்டாம்மா, நேரமில்லை, இருப்பதைக் கட்டி முடி என்றேன். அவள் நன்மைக்காகச் சொல்வதாகத்தான் அன்று நினைத்துக்கொண்டேன். மனிதருக்குத் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை, இருந்தால் இன்னும் சுலபம்.

அதற்கடுத்து வந்தது ஐப்பசிப் பௌர்ணமி. அக்காவுக்கு ஒரு வேண்டுதல். மகனுக்குக் குழந்தை பிறந்தால் சுற்றுவதாக வேண்டியிருந்தாள், பிறந்துவிட்டது. "நீயும் வாடி, ஊருக்கெல்லாம் பிளான் போட்டுத் தர, நீ சுத்தி எத்தினி வருசமாச்சு?" என்றாள். மதியம் ஒரு மணிக்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினோம். ரமணாசிரமம் பக்கம் என் வாடகை வீட்டு வாசலைத் தாண்டும்போது, அங்கேயே நின்றுவிடலாமா என்று என் முழங்கால் கேட்டது. செங்கம் ரோட்டை விட்டு வலது பக்கம் திரும்பியதும் மழை பிடித்தது. யாரும் ஒதுங்கவில்லை.

அடி அண்ணாமலையை நெருங்கும்போது நான்கு மணி இருக்கும். முன்னால் மரம் ஒன்று மின்கம்பியோடு ரோட்டின் குறுக்கே விழுந்திருந்தது. யாருக்கும் அடியில்லை, ஆனால் தண்ணீர் நிற்கிற ரோட்டில் கம்பி கிடக்கிறது. ஆறாவது முனையில் கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள். ஜீப்பின் மேல் நின்று ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தாள் என் மாணவி. நான் எழுதிக் கொடுத்த வாக்கியங்களை ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். பக்தர்கள் அனைவரும் பதற்றமின்றித் திரும்பி, வந்த வழியே நடக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

ஒருவர்கூடத் திரும்பவில்லை. என் முன்னால் இருந்த குடும்பம் ஈர ரோட்டில் துண்டை விரித்து உட்கார்ந்தது. அடுத்தது அவர்கள் பக்கத்தில் இருந்தவர்கள். அக்காவும் புடவையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு என் திட்டம் நினைவிருந்தது. பத்துப் பேர் திரும்பினால் போதும். சரி, நானே முதல் ஆளாகத் திரும்புகிறேன் என்று திரும்பினேன். எதிரே முகங்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் இடது தோளுக்கு மேல் மலை. நான்கு அடி வைத்திருப்பேன், ஐந்தாவது அடி வரவில்லை. பக்தி என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன், கோயிலுக்கே எப்போதாவது போகிறவள் நான். ஆனாலும் வீட்டில் யாருக்கோ கெடுதல் செய்வது போல இருந்தது.

"ஏண்டி, பித்து புடிச்சுதா உனுக்கு? வந்து உக்காருடி," என்று அக்கா பின்னாலிருந்து கத்தினாள்.

போய் உட்கார்ந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது ஜீப்பின் மேலிருந்த அவள் என் பக்கம் பார்ப்பது போல் இருந்தது. அந்தக் கூட்டத்தில் என்னை எங்கே அடையாளம் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து ஜனம் வந்துகொண்டே இருந்தது. முன்னால் நிறுத்தியிருப்பது அவர்களுக்குத் தெரியாது. முதலில் தோளில் இடித்தார்கள், பிறகு முதுகில் முட்டி பட்டது, பிறகு மூச்சு விட இடம் கம்மியானது. உட்கார்ந்தவர்களால் எழ முடியவில்லை. குழந்தைகளைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் உடைந்தது. என் பாடப் புத்தகத்தில் இந்தக் கட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு. சிவப்புக் கட்டத்தில் வரும் பெயர். அப்போது அது நினைவுக்கு வரவில்லை. செத்துப்போகப் போகிறோம் என்பது மட்டும் தோன்றியது.

அவள் ஒலிபெருக்கியை வீசிவிட்டுக் குதித்தாள். மலைக்கு எதிர்ப்பக்கத் தடுப்பை இரண்டு காவலர்களோடு சேர்ந்து பிடுங்கிச் சாய்த்தாள். அந்தப் பக்கம் மல்லாட்டை பிடுங்கி முடித்த வெற்று நிலம். "திரும்ப வேணாங்க, யாரும் திரும்ப வேணாம். இப்பிடி வந்து உக்காருங்க, வழி உட்டதும் இங்கருந்தே போலாம்," என்று தொண்டை கிழியக் கத்தினாள். திரும்ப வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டம் அசைந்தது. கரை உடைந்த ஏரி போல நிலத்துக்குள் இறங்கியது. சேற்றில் உட்கார்ந்தார்கள். எங்களுக்கு மூச்சு வந்தது.

ஒரு மணி நேரத்தில் கம்பியை எடுத்துவிட்டார்கள். எழுந்து சேற்றுக் காலோடு மீதியையும் சுற்றி முடித்தோம்.

ஒரே ஒரு மூதாட்டி மட்டும் தடுப்பைத் தாண்டும்போது வாய்க்காலில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதை யாரோ போனில் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். காவல்துறையே கூட்டத்தைச் சேற்றில் தள்ளியது என்று செய்தி பரவியது. உத்தரவில்லாமல், அங்கீகரித்த திட்டத்தை மீறித் தடுப்பைத் திறந்ததற்காக என் மாணவிக்கு மெமோ வந்தது. விசாரணை வைத்தார்கள். திட்டம் எழுதியவள் என்பதால் என்னிடமும் எழுத்துமூலம் கருத்துக் கேட்டார்கள். ஆறாவது முனையில் அவர் செய்தது சரியா?

ஒரு வரியில் எழுதியிருக்கலாம். அவள் செய்தது சரி, திட்டம்தான் தப்பு என்று.

கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, "நம்ம காலேஜ் பேரு அதுல கீது மேடம். பாத்து எழுதுங்க," என்றார். அவர் சொன்னதால்தான் என்று பழியை அவர் மேல் போட எனக்கு ஆசைதான். ஆனால் அவர் சொல்லாவிட்டாலும் பார்த்துத்தான் எழுதியிருப்பேன். இருபது நாள் இழுத்தேன். தேர்வுத்தாள் திருத்த வேண்டும், தலை வலிக்கிறது, அலுப்பாக இருக்கிறது. அந்த அலுப்பின் சரியான பெயர் பயம். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, என் பெயர் இருப்பது அந்த ஒரு தாளில்தான், அதை நானே எப்படிக் கிழிப்பது? கடைசியில் பாம்பும் சாகாமல் கோலும் முறியாமல் ஒரு கடிதம் எழுதினேன். களச் சூழலைப் பொறுத்து அதிகாரி எடுக்கும் முடிவு பற்றித் திட்டத்தில் தெளிவான வரையறை இல்லை, எனினும் திட்டப்படி ஆறாவது முனையில் கூட்டம் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்று. பொய் ஒரு சொல்கூட அதில் இல்லை. அப்படி எழுதுவதற்குத்தான் முப்பது வருடம் பழகியிருந்தேன்.

கடிதம் போய்ப் பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவள் என் அறைக்கு வந்தாள். ஷூவைக் கழற்ற அனுமதி கேட்கவில்லை, உட்காரவும் இல்லை. ஐந்தாம் இயலை நீக்கிக் கட்டிய ஆய்வேட்டை மேசையில் வைத்தாள். விசாரணையில் என் கடிதத்தைப் படித்துக் காட்டினார்களாம்.

"அன்னிக்கு நீங்களும் உக்காந்தீங்க மேடம்," என்றாள். குரல் உயரவில்லை. "நாலு அடி திரும்பி நடந்தீங்க. அப்புறம் வந்து உக்காந்தீங்க. மைக்கப் புடிச்சினு நான் பாத்துனுதான் இருந்தேன். நீங்க உக்காந்ததப் பாத்துதான் தடுப்பத் தெறந்தேன். பிளான் போட்டவங்களே உக்காந்துட்டாங்க, இனிமே யாரு திரும்புவாங்கன்னு."

சேற்று நிலத்தில் என்னை உயிரோடு உட்கார வைத்தவள் எதிரில் நிற்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பதுகூடச் சின்ன வார்த்தை.

"அத ஒரு வரி எழுதியிருக்கலாம் மேடம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் உதவி கேட்டு வந்ததாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்னும் நேரம் இருக்கிறது என்றும் நினைத்தேன். மதிய வகுப்பை ரத்து செய்தேன். விசாரணைக்குப் புதிதாக ஒரு கடிதம் கையாலேயே எழுதினேன். ஆறாவது முனையில் அன்று நானும் இருந்தேன், என்னாலும் திரும்ப முடியவில்லை, நானும் உட்கார்ந்தேன், என் திட்டம் தவறு, அவர் தடுப்பைத் திறக்காவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். நான்கைந்து வரிதான் வந்தது. ஐந்தாம் இயலை மறுபடி சேர்க்க அனுமதி கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் தனியாக ஒன்று எழுதினேன். ஆட்டோ பிடித்து விசாரணை நடத்திய காவல்துறை அலுவலகத்துக்கு நானே நேரில் போனேன்.

பிரிவு எழுத்தர் கடிதத்தை வாங்கி முத்திரை குத்தினார். குத்திவிட்டுத்தான் படித்தார். "நேத்தே ஆர்டர் ரெடி பண்ணிட்டோங்களே. காலைல அவங்க கையெழுத்துப் போட்டு வாங்கினு போய்ட்டாங்க. இத ஃபைல்ல வெச்சுடறேன்," என்றார். என்ன ஆர்டர் என்று கேட்டேன். ஊதிய உயர்வு நிறுத்தம், பணிப்பதிவேட்டில் பதிவு. பயிற்சிப் பள்ளி வேலை இனி இல்லை என்று அர்த்தம்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று அவளுக்குப் போன் செய்தேன். பஸ் ஸ்டாண்டில் டூட்டியில் இருந்தாள், இரைச்சலாக இருந்தது.

"காலைலயே ஆர்டர் வாங்கிட்டியாமே?"

"ஆமாங்க மேடம். எட்டு மணிக்கு."

"அப்ப என் ரூமுக்கு வந்தப்பவே எல்லாம் முடிஞ்சு போச்சு. அப்புறம் எதுக்கும்மா வந்த?"

ஒரு பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தாள்.

"உதவி கேக்கறதுக்கு வரலிங்க மேடம். நான் பாத்தேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். கேக்கறதா இருந்தா நீங்க லெட்டர் குடுக்கறதுக்கு முன்னாடியே வந்திருப்பேன்," என்றாள். "நீங்களா எழுதுவீங்கன்னு நெனச்சுதான் அப்ப வரல."